போவா சீனியரோடு போனது போ மொழி மட்டும்தான்
“2010-ல் போவா சீனியர் இறந்ததோடு அந்தமான் பழங்குடி மொழிகளின் கதை முடிந்தது” என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அவர் போ மொழியைப் பேசிய கடைசி ஆள். அவரோடு போனது அந்த மொழி, அதாவது கிரேட் அந்தமானியர் என்று மொத்தமாகச் சொல்லப்படும் பத்துக் குழுக்களில் ஒன்றின் மொழி. லிட்டில் அந்தமானில் இருக்கும் ஓங்கி பழங்குடியினர் நூறு பேரை ஒட்டித்தான் வருவார்கள், ஆனாலும் தங்களுக்குள் சொந்த மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்கள் 1997 வாக்கில்தான் வெளியாட்களிடம் தாங்களாக வரத் தொடங்கினார்கள், அதனால் அவர்கள் மொழி பெரிய சேதமில்லாமல் இருக்கிறது. காட்டை ஊடறுத்துப் போகும் டிரங்க் ரோடும் அதில் வரும் இந்தியும் இனி என்ன செய்யுமோ, அது வேறு கவலை. அப்புறம், கீழே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் நிக்கோபார் தீவுகளின் மொழியான நிக்கோபாரியையும் அந்தமான் மொழிகளோடு ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார். அது ஆஸ்ட்ரோ-ஆசிய மொழி. மேகாலயாவின் காசியும் கம்போடியாவின் கெமரும்தான் அதற்குச் சொந்தம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 29 ஆயிரம் பேர் அதைத் தாய்மொழியாகப் பதிந்திருக்கிறார்கள், பைபிளே அதில் இருக்கிறது. அதற்கும் சேர்த்து ஒப்பாரி வைத்தால் கார் நிக்கோபார்க்காரர்கள் சிரிப்பார்கள். கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்களே, அங்கேயுள்ள சில நூறு ஷோம்பென் பழங்குடியினரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.