ஒன்பதாவது போலி

எம்.ஏ. தத்துவம் ப்ராஜெக்ட்டைப் போன வாரம் ஒப்படைத்துவிட்டேன். 84 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், மூன்று பிரதி. தலைப்பு: மணிமேகலையின் 29ஆம் காதையில் வரும் போலிகள். "போலின்னா டூப்ளிகேட்டா?" என்று கேட்ட சித்தப்பாவில் தொடங்கி, வழியில் கண்ட எல்லோருக்கும் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது. வாதம் போலத் தெரியும், ஆனால் வாதம் ஆகாது. அதுதான் போலி.

பள்ளியில் மணிமேகலை என்றால் நமக்கு அமுதசுரபி, ஆபுத்திரன், பசிப்பிணி. அதோடு சரி. 27ஆம் காதையில் அவள் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் "உங்கள் கொள்கை என்ன" என்று கேட்பதும், காஞ்சிக்கு வந்தபின் 29இல் அவளுடைய பௌத்த குரு அறவண அடிகள் அவளுக்கு அளவை நூல், அதாவது தர்க்கம், சொல்லிக் கொடுப்பதும் யாருக்கும் வேண்டாம். தமிழ்த்துறை நண்பர்கள் "அது வறட்டு தத்துவம்ப்பா, இலக்கியமே இல்லை" என்கிறார்கள். தத்துவம் படிப்பவர்களோ "அது காப்பியம்தானே, தர்க்கம் வேண்டுமென்றால் சமஸ்கிருத நூலுக்குப் போ" என்கிறார்கள். நடுவில் கிடக்கும் அந்தக் காதையை உ.வே.சா. 1898இல் அச்சில் கொண்டுவந்து 125 வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் முதலில் செய்ய நினைத்தது பெரிய வேலை. 29ஆம் காதையின் தர்க்கம் திங்நாகர் என்ற பௌத்தத் தர்க்க அறிஞருக்கு முந்தியதா, பிந்தியதா? இதைத் தீர்த்து வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் முந்தியது என்று ஒரு புத்தகமே எழுதினார். குப்புசாமி சாஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. நியாயப்பிரவேசம் என்ற சமஸ்கிருத நூலிலிருந்து வந்தது என்றார். அந்த நூலிலும் 29ஆம் காதையிலும் பக்கப்போலி (நிறுவ வந்த கூற்றிலேயே பிழை) 9, ஏதுப்போலி (காரணத்தில் பிழை) 14, திட்டாந்தப்போலி (உதாரணத்தில் பிழை) 10. எண்ணிக்கை அப்படியே ஒத்துப்போகிறது. என் கைடு சினாப்சிஸைப் படித்துவிட்டு, "இதை ஆறு மாசத்துல நீ முடிக்கப் போறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே கால ஆராய்ச்சியைக் கைவிட்டேன். போலிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதிலும் கடைசியில் பக்கப்போலி ஒன்பதும், கொஞ்சம் ஏதுப்போலியும்தான் மிஞ்சின.

மிஞ்சியதே போதுமானதாக இருந்தது. "என் தாய் மலடி" என்று ஒருவன் சொன்னால் அது சுவசன விருத்தம். தன் சொல்லே தன்னை அறுக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது கழுதைக் கதை. ஒருவன் ஒருநாள் ஓரிடத்தில் கழுதையையும் கணிகையையும் சேர்த்துப் பார்த்துவிட்டான். பின்னொரு நாள் கழுதையை மட்டும் பார்த்துவிட்டு, "அப்போ கணிகையும் இங்கே இருப்பாள்" என்று முடிவு கட்டலாமா? கூடாது என்கிறார் அடிகள். எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு கஷாயத்தைக் குடித்த மறுநாள் காய்ச்சல் விட்டது என்று யாராவது போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுதைதான் ஞாபகம் வருகிறது. குழுவில் சொல்லவில்லை. கஷாயம் போட்டவர் எங்கள் வீட்டு ஓனர்.

அம்மாவிடமும் மாட்டிக்கொண்டேன். மலையில் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது, அடுக்களை போல என்று காதையில் வரும் உதாரணத்தைச் சொன்னேன். அம்மா கேஸ் அடுப்பைக் காட்டி, "ஏன்டி, இதுல நெருப்பு இருக்கு, புகை எங்க?" என்றாள். ஒரு நிமிடம் திக்கென்றது. அப்புறம்தான் சுதாரித்தேன்: புகை இருக்கும் இடத்தில் நெருப்பு உண்டு என்பதுதான் பேச்சு, நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று நியாய நூலார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் குக்கர் நான்கு விசில் அடித்துவிட்டது. ஆனால் ஏற்றுக்கொண்டாள். என் இரண்டாம் அத்தியாயத்தில் உருப்படியான பத்தி என்றால் அந்த இரவு எழுதியதுதான்.

முதல் அத்தியாயத்தின் கதை வேறு. "இந்தியத் தத்துவம் வெறும் ஆன்மிகம் இல்லை, அதில் கறாரான தர்க்கமும் உண்டு" என்று 22 பக்கம் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. கைடு ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது ஒரே வரி: "இதை யார் மறுத்தார்கள்? ஒன்பதாவதைப் படி."

பக்கப்போலியில் ஒன்பதாவது அப்பிரசித்த சம்பந்தம். எதிரி ஏற்கெனவே ஒப்புக்கொண்டதையே அவனிடம் நிறுவப் போவது. ஒலி அழியக்கூடியது என்பது பௌத்தனின் கொள்கை; அவனிடமே போய் ஒலி அழியும் என்று ஒருவன் வாதாடுவானாம். மூன்று மாதமாக அந்த வரிக்கு உரை எழுதிக்கொண்டிருந்தவள் நான். 22 பக்கமும் அதே போலி! "ஃபேஸ்புக்கில் நிறைய பேர் மறுக்கிறாங்க மேடம்" என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்க உன் ப்ராஜெக்டைப் படிக்கப் போறதில்ல. படிக்கப் போற நாங்க மறுக்கல" என்றார். 22 பக்கம் மூன்றாகச் சுருங்கியது.

அதற்குப் பிறகு இங்கே பதிவுகளைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. சண்டைகளை நான் முன்பு கோபத்தால் வருவதாக நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் ஆறாவது போலியும் ஒன்பதாவது போலியும்தான். எதிராளி ஏற்காத சொல்லை வைத்தே அவனை மடக்கப் பார்ப்பது ஆறாவது. தன் கட்சிக்காரர்கள் கைதட்டுவதற்காக, அவர்கள் ஏற்கெனவே நம்புவதையே திரும்ப நிரூபிப்பது ஒன்பதாவது. இரண்டாவதற்குத்தான் லைக் அதிகம். (இந்தப் பதிவும் அதில் சேருமோ என்ற சந்தேகம் எனக்கே இருக்கிறது. தத்துவம் படித்தவர்கள் தயவுசெய்து லைக் போடாதீர்கள்.)

வைவா இருபது நிமிடம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் போலிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "27இல் கண்ணால கண்டதை மட்டும் நம்புற பூதவாதியைப் பார்த்துச் சிரிச்சு, 'அனுமானம் இல்லாம உன் அப்பா அம்மாவை நீ எப்படித் தெரிஞ்சுக்கிட்டே?'ன்னு மடக்குறாளே, அதே பொண்ணு 29இல் ஏன் ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்கல?" என்றார்.

குருவிடம் கேட்பதால் என்று இழுத்தேன். அவர் தலையை ஆட்டினார், ஏற்றுக்கொண்ட ஆட்டல் இல்லை அது. 84 பக்கத்தில் எங்கேயும் அந்தக் கேள்வி இல்லை. வீட்டில் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அம்மா புத்தகங்களை மேலே பரணில் ஏற்றச் சொல்கிறாள். மணிமேகலையை மட்டும் இன்னும் ஏற்றவில்லை.