பண்டிகை ரயிலில் கூட்டம் குறைந்ததா, குறைக்கப்பட்டதா?

2020 தீபாவளிக்கும் 2021 பொங்கலுக்கும் ரயிலில் ஆள் குறைந்ததற்குக் கொரோனா தொற்று பயம்தான் காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போயே தீரவேண்டும் என்று இருந்தவர்களையும் வண்டியில் ஏறவிடாத விதிகள் இருந்தன. இந்திய ரயில்வேயில் 2019-20ல் சுமார் 808 கோடியாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2020-21ல் சுமார் 125 கோடிக்கு இறங்கியதை அந்த விதிகளோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

பெரிய அடி அன்ரிசர்வ்டு பெட்டியில் விழுந்தது. பழைய பெட்டியில் உட்கார இடம் சுமார் 90 பேருக்கு. பண்டிகைக்கு முந்தின இரவு எழும்பூரில் பார்த்தால் நடைபாதை, கழிவறை வாசல், மேலே சாமான் வைக்கும் பலகை என்று அதைப்போல இரு மடங்கு ஜனம் அதற்குள் இருக்கும். தொற்றுக் காலத்தில் அந்தப் பெட்டியையும் ரிசர்வேஷன் உள்ள செகண்ட் சிட்டிங், அதாவது உட்கார மட்டும் சீட் உள்ள இரண்டாம் வகுப்பு, ஆக்கினார்கள். 90 சீட் என்றால் 90 பேர், அவ்வளவுதான். கவுண்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஏறிச் சமாளிக்கும் வழியும் அடைபட்டது. கட்டட வேலை, ஓட்டல் வேலை செய்பவருக்கு லீவு உண்டா இல்லையா என்பதே முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும். அவர் எப்போது ரிசர்வ் செய்வது?

அடுத்தது கட்டணம். 2020 அக்டோபர் 20 முதல் நவம்பர் 30 வரை நாடு முழுக்க 392 பண்டிகை சிறப்பு ரயில்கள் விட்டார்கள். நல்ல காரியம். ஆனால் சிறப்புக் கட்டண வண்டியில் ஸ்லீப்பருக்குக் குறைந்தபட்சம் 500 கிலோமீட்டருக்குக் காசு கட்டவேண்டும். எழும்பூரிலிருந்து திருச்சி சுமார் 337 கிலோமீட்டர்தான்! மனிதர் பஸ்ஸுக்குத்தான் போவார். சின்ன ஸ்டேஷன்களில் நிற்கும் பாசஞ்சர் வண்டிகளும் ஓடாததால், ஜங்ஷனில் இறங்கி ஊருக்கு மாறும் வசதியும் போனது. அப்படிப் பஸ் ஏறியவரெல்லாம் ரயில்வே கணக்கில் ‘பயணம் செய்யாதவர்’.

2022 பொங்கல் வேறு மாதிரி. தொற்றுக் காலத்தில் வழக்கமான வண்டிகளுக்கும் வைத்திருந்த சிறப்பு ரயில் என்ற பெயர் போய், பழைய நம்பர் வந்திருந்தது. ஆனால் ஒமிக்ரான் வகை கொரோனாவால் தமிழ்நாட்டில் ஞாயிறு முழு ஊரடங்கு. ஜனவரி 16, காணும் பொங்கல், சரியாக ஞாயிறு. அன்று சென்னையில் வந்து இறங்கினால் வீடு போய்ச்சேர மாநகர பஸ் கிடையாது. ஊர் திரும்பும் நாளையே மாற்றவேண்டி வந்தது.

இன்னொரு முறை இப்படி ஒரு காலம் வந்தால், இடைவெளிக்காக ஆளைக் குறைக்கும் அதே நாளில் வண்டியைக் கூட்டவேண்டும். செகண்ட் சிட்டிங் பெட்டிகள் மட்டுமே கொண்ட வண்டிகள், சாதாரணக் கட்டணம், அதில் ஒரு பங்கு சீட் புறப்படும் நாளன்று கவுண்டரில் மட்டும். இதெல்லாம் செய்யக்கூடியதுதான்.

முன்பதிவில்லாப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவர ரயில்வே போர்டு உத்தரவிட்டது 2022 பிப்ரவரி 28ல். அப்போது 120 நாள் முன்பே ரிசர்வ் செய்யலாம் என்பதால், ஏற்கெனவே சீட் புக் ஆகியிருந்த வண்டிகளில் அது தீரும்வரை காத்திருக்கவேண்டி இருந்தது. 120 நாள் என்றால் ஜூன் கடைசி. அந்த வருஷ மே லீவும் பல வண்டிகளில் அப்படியே போனது.