அலைநீளக் கணக்கு சரி, முடிவுதான் தவறு

"நானோ அகச்சிவப்பு எல்லாம் விற்பனை வித்தை. அலைநீளத்தைவிடச் சிறியதை அந்த ஒளியால் பிரித்துப் பார்க்கவே முடியாது" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பாதி சரிதான் அண்ணே. புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் அகச்சிவப்பின் அலைநீளம் சுமார் 6 மைக்ரோமீட்டர். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் கோப்பையில் வடியும் ரப்பர் பாலில் பெரும்பாலான துகள்கள் 1 மைக்ரோமீட்டர்கூட இருக்காது. அவற்றின் மேலுள்ள புரத, கொழுப்பு உறையைச் சாதாரண அகச்சிவப்பு நுண்ணோக்கி தனியாகக் காட்டாது.

ஆனால் நானோ அகச்சிவப்பு என்று சொல்லப்படும் ஏஎஃப்எம்-ஐஆர் கருவி (ஊசிமுனையால் பரப்பைத் தொட்டுப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கியோடு அகச்சிவப்பு லேசரைச் சேர்த்தது) ஒளியால் படம் பிடிப்பதே இல்லை. லேசர் துடிப்பு பட்டதும் அதை உறிஞ்சும் இடம் மட்டும் கொஞ்சம் சூடாகி, இம்மியளவு விரிகிறது. மேலே தொட்டுக்கொண்டிருக்கும் ஊசிமுனை அந்த உதையில் அதிர்கிறது. ரோட்டில் லோரி போனால் மேசையில் தம்ளர் தண்ணீர் நடுங்குமே, அந்த மாதிரி. லேசரின் அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போனால் அதிர்வின் அளவே நிறமாலை ஆகிவிடும், அதாவது எந்த அலைநீளத்தை அந்த இடம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம். ஆக, நுணுக்கத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது சில பத்து நானோமீட்டர் முனைதான், 6 மைக்ரோமீட்டர் ஒளி அல்ல. பிரான்சில் அலெக்சாண்டர் டாசி குழு 2005-லேயே இதைச் செய்து காட்டிவிட்டது.

அதற்காக அணுவையே காட்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அதுவும் பொய். சிரமமும் உண்டு: இதில் வைத்துப் பார்க்க ரப்பரை உறையவைத்து மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும். கரி கலந்த டயர் ரப்பர் என்றால் கரியே ஒளியை விழுங்கித் தொல்லை கொடுக்கும்.