எத்தனை படி, எந்த மாதிரி கழிப்பறை?

போன தை மாதம் அம்மாவை நவக்கிரகக் கோயில் டூருக்குக் கூட்டிப் போனேன். சென்னையிலிருந்து பஸ், மூன்று பகல், இரண்டு இரவு, கும்பகோணத்தில் தங்கல். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பஸ்ஸில் இருந்த முப்பது பேரில் பாதிக்கு மேல் அம்மா வயதுக்காரர்கள்தான். நோட்டீஸில் 'சுத்தமான அறை, அட்டாச்டு பாத்ரூம்' என்று போட்டிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எனக்குப் பழைய லாட்ஜ் பிடிக்கும், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் தங்கியதும் அப்படி ஒன்று. மரக் கவுன்ட்டர், பின்னால் சாவிப் பலகை, ஒவ்வொரு சாவியிலும் உள்ளங்கை அளவுக்குப் பித்தளை வில்லை. நீளமான நோட்டில் பேர், ஊர், வந்த காரியம் எல்லாம் கையால் எழுத வேண்டும். அறையில் மொசைக் தரை, உயரமான கூரை, கம்பி போட்ட பெரிய மர ஜன்னல், கறுப்புக் குமிழ் சுவிட்ச். ஏசி கிடையாது, தை மாத ராத்திரிக்கு அது தேவையும் இல்லை. கொல்லையில் விறகு போட்டு எரிக்கிற செம்பு பாய்லர். விடிகாலை நாலு மணிக்கு ரூம்பாய் ஒவ்வொரு கதவாகத் தட்டி வாளியில் வெந்நீர் கொடுத்தார். ரூம்பாய் என்று பேர்தான், அவருக்கே அறுபது வயது இருக்கும். அந்த வெந்நீரில் இருந்த லேசான புகை வாசனைக்காகவே இன்னொரு முறை அங்கே போகலாம்.

ஆனால் எங்கள் அறை இரண்டாவது மாடி. 42 படி. லிஃப்ட் இல்லை, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். பாத்ரூமுக்கு ஒரு படி ஏற வேண்டும், உள்ளே கீழே உட்காருகிற கழிப்பறை, பிடித்து எழுந்துகொள்ளச் சுவரில் ஒரு கம்பிகூட இல்லை.

முதல் நாள் ராத்திரி அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு, பஸ் கிளம்பும் முன்னால், எதிர்க்கடையில் எல்லாரும் காபி குடித்தோம். பித்தளை டவராவில் நுரை தளும்ப வந்த டிகிரி காபி. அம்மா வேண்டாம் என்றார். காலையில் காபி இல்லாவிட்டால் பத்து மணிக்குத் தலைவலி வந்துவிடும் அவருக்கு. கோயிலுக்குப் போகிறோம், விரதம் போல என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

முதலில் திங்களூர், அப்புறம் ஆலங்குடி. பதினொன்றரைக்குப் பார்த்தேன், காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. மதியம் நடை சாத்துவதற்குள் முடிக்க வேண்டும் என்று கைடு எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம். பால் நீலமாக மாறுவதைப் பார்க்க எல்லாரும் முண்டியடித்தபோது அம்மா தூணோரம் உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறது என்றார். அப்போதுதான் விஷயம் வந்தது.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்டி. அங்க உட்கார்ந்தா என்னால எழுந்திரிக்க முடியல."

முதல் நாள் ராத்திரி குழாயைப் பிடித்துக்கொண்டு எழ முயற்சி செய்திருக்கிறார், குழாய் ஆடியிருக்கிறது. அறையில் தூங்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிடக் கூச்சம். பிரஷர் மாத்திரை போடுகிறவர் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்திருக்கிறார். பஸ்ஸில் மெதுவாக விசாரித்தேன். இன்னும் மூன்று பெண்கள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "எந்த டூர் போனாலும் நான் இப்படித்தாம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று ராத்திரி லாட்ஜ் மேனேஜரிடம் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுத்தார். ரூம்பாய் அண்ணன் எங்கிருந்தோ ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டுவந்து கழிப்பறை மேல் போட்டார். நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் இருக்கை, நாலு இரும்புக் கால், அவ்வளவுதான். "டூர்காரங்க எத்தனை ரூம்னு மட்டும்தாம்மா கேப்பாங்க. வயசானவங்க வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா கீழேயே ஒதுக்கிடுவேன்" என்றார் மேனேஜர்.

அதனால் என் கோபம் லாட்ஜ் மேல் இல்லை. நட்சத்திர ஓட்டல் போட்டால் டூர் கட்டணம் எங்கேயோ போய்விடும், பென்ஷனில் வாழ்கிறவர்கள் வைத்தீஸ்வரன் கோயிலையும் திருநள்ளாற்றையும் டிவியில்தான் பார்க்க வேண்டியிருக்கும். பழைய கட்டில், பழைய மின்விசிறி, வாளியும் மக்கும் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆன்மிக டூர் நடத்துகிறவர்களுக்கு யார் வருவார்கள் என்று நன்றாகத் தெரியும். சூரியனார்கோயிலில் எத்தனை நிமிடம், கஞ்சனூரில் எத்தனை நிமிடம் என்று அச்சடிக்கிறவர்கள், தங்குமிடத்தில் எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கழிப்பறை எந்த மாதிரி என்பதையும் அச்சடிக்க வேண்டும். அதைப் பார்த்து வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம். இதை மறைப்பது என்னைப் பொறுத்தவரை ஏமாற்றுதான்.

லாட்ஜ்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2016-இல் நடந்த மகாமகம் அடுத்து 2028-இல் வருகிறது. ஊர் கொள்ளாத கூட்டம் வரும், அதில் வயதானவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கட்டடத்தை இடித்துக் கட்டச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் இரண்டு அறையிலாவது வெஸ்டர்ன் டாய்லெட் வையுங்கள், சுவரில் ஒரு கம்பி அடியுங்கள். அந்த மர ஜன்னலையும் செம்பு பாய்லரையும் தயவுசெய்து அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலை அம்மா இரண்டு காபி குடித்தார்.

இப்போது ராமேஸ்வரம் போக வேண்டும் என்கிறார். நேற்று ஒரு டூர்காரருக்கு போன் செய்து எத்தனை படி, எந்த மாதிரி கழிப்பறை என்று கேட்டேன். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் பணம் கட்டவில்லை.