புதிய சரக்குப் பாதைகளுக்கு முன்னால், தொடங்கிய பாதைகளை முடிக்கப் பணம் ஒதுக்குங்கள்

2026-27ஆம் ஆண்டுக்கான ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் மூலதனச் செலவுக்கு 12.2 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேற்கு வங்கத்தின் டங்குனியிலிருந்து குஜராத்தின் சூரத் வரை சரக்கு ரயில்களுக்கென்றே ஒரு தனிப்பாதை, புதிய தேசிய நீர்வழிகள், கடலோரக் கப்பல் வழியே செல்லும் சரக்கை உயர்த்தும் திட்டம் என்று அறிவிப்புகள் நீள்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் எனக்கு இவற்றில் ஒன்றையும் வீண்செலவு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் முன்னுரிமையின் வரிசை தவறாக இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே தொடங்கிப் பாதியில் நிற்கும் வேலைகளுக்கும், சிறிய வியாபாரியின் சரக்கு கடைசியாகக் கடக்க வேண்டிய சில கிலோமீட்டர்களுக்கும் முதலில் பணம் வைக்க வேண்டும். அதன் பிறகே புதிய பெயர்ப் பலகைகள்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரிலிருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒரு லாரியை நம் மாவட்ட எல்லையை ஒட்டிய காவல்கிணறு வரை தங்கு தடையில்லாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்தப் பக்கம் கேரளத்தில் கழக்கூட்டம் முதல் நம் எல்லையை ஒட்டிய காரோடு வரை நான்குவழிப் புறவழிச்சாலை போட்டு முடித்துவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில், காவல்கிணறு முதல் கேரள எல்லையான களியக்காவிளை வரையிலான நம் பகுதியில்தான் நான்குவழிச்சாலைப் பணி பத்தாண்டுகளைத் தாண்டியும் முழுமை பெறவில்லை. இடையில் ஒப்பந்தம் ரத்தாகி மறு ஒப்பந்தம் விடப்பட்டது. நிரப்புவதற்கு மண் கிடைக்காமல் மாதக்கணக்கில் வேலை நின்றது. சாலை செல்லும் வழியெங்கும் குளங்களும் வயல்களும் இருப்பது அளவெடுத்த நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குளங்களைத் தூர்க்காமல் தூண்கள் மீது சாலையைக் கொண்டுபோவதற்கான கூடுதல் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்திருந்தால், மண்ணுக்காக மலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை வந்திருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரத்தில் வாழும் ஒரு மாவட்டத்தில் மண்ணும் செலவுதான் என்பதை மதிப்பீடு தயாரிப்பவர்கள் உணர வேண்டும்.

இந்தத் தாமதத்தின் விலையை யார் தருகிறார்கள் என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சென்னைக்கு அடுத்தபடியாக மக்கள் நெருக்கம் மிகுந்த மாவட்டம் நம்முடையது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். வீட்டு வாசலும் கடை வாசலும் பள்ளி வாசலும் நேரே சாலையில் இறங்கும் ஊர்கள் இவை. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்துக்குக் கல் போன காலத்திலிருந்து, ஆரல்வாய்மொழி வழியாக வந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர் ஊராக நுழைந்து செல்லும் டாரஸ் எனும் கனரக லாரிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். விபத்து நடந்தால் மக்கள் மறியல் செய்கிறார்கள், நிர்வாகம் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கிறது. மக்களின் கோபம் நியாயமானது. குழந்தைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அந்த லாரிகள் ஊருக்குள் ஓடக் கூடாது என்றே நானும் சொல்வேன். அதே சமயம், வாழைத்தாரும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிய சிறிய லாரியும் அதே நெரிசலில் மாட்டிக்கொள்கிறது, ஓட்டுநரின் படியும் டீசலும் கூடிக்கொண்டே போகின்றன, வாடகை மட்டும் கூடுவதில்லை. 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அது நம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே சாலைவழிச் சரக்கு முழுவீச்சில் நடக்கும் நாளில் கண்டெய்னர் டிரெய்லர்கள் குழித்துறைப் பாலத்தில் வரிசையில் நிற்க வேண்டுமா என்பதை டெல்லியில் இருப்பவர்கள் இப்போதே யோசிக்க வேண்டும்.

துறைமுகம் என்றதும் நம் மாவட்டக் கடலோர ஊரான இனயம் நினைவுக்கு வருகிறது. 2016இல் அங்கே பெருந்துறைமுகம் அமைக்க ஒன்றிய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. மீனவ மக்கள் எதிர்த்தார்கள். இடம் நம் மாவட்டத்திலேயே கோவளம், கீழமணக்குடி பக்கம் மாற்றப்பட்டது. அங்கும் எதிர்ப்பு எழுந்து கடைசியில் திட்டமே நின்றுபோனது. அந்த எதிர்ப்பை வளர்ச்சிக்கு எதிரானதாகச் சித்தரிப்பதை நான் ஏற்கவில்லை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம், சின்னமுட்டம் ஆகிய மீன்பிடித் துறைமுகங்களில் தேவையான அளவு ஐஸ் கிடைப்பதும், குளிர்பதனக் கிடங்கு இயங்குவதும், அங்கிருந்து பிரதான சாலைக்கு நல்ல இணைப்பு இருப்பதும் பல ஆயிரம் குடும்பங்களின் வருமானத்தை நேரடியாக உயர்த்தும். தோவாளைப் பூவுக்கும் இதே தேவை உண்டு. ஓணக் காலத்தில் பூ ஏற்றிய வண்டி களியக்காவிளையைக் கடக்கத் தாமதமானால் அந்தச் சரக்குக்கு மறுநாள் விலை இல்லை.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சரக்குப் போக்குவரத்துச் செலவு 7.97 விழுக்காடு என்று 2025இல் வெளியான அரசின் ஆய்வு கணக்கிட்டது. 13, 14 விழுக்காடு என்று முன்பு சொல்லப்பட்டதோடு ஒப்பிட்டுப் பலரும் மகிழ்ந்தார்கள். அந்த ஆய்விலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு நிறுவனங்கள், தங்கள் உற்பத்தி மதிப்பில் சரக்கை அனுப்பச் செலவிடும் பங்கு பெரிய நிறுவனங்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குமரி மாவட்டத்தின் முந்திரி ஆலைகளும் கயிறு வியாபாரிகளும் தேன் விற்பவர்களும் பெரும்பாலும் இந்த வகையினர்தான். இவர்களால் ஏறக்குறைய 40 வேகன்கள் கொண்ட ஒரு முழு ரேக்கை, அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலை, நிரப்ப முடியாது. எனவே தனிச் சரக்கு ரயில் பாதை எத்தனை வந்தாலும் இவர்களுக்குக் கதவு திறக்காது. பல வியாபாரிகளின் சரக்கைச் சேர்த்து அனுப்பும் வசதியை நாகர்கோவிலில் ரயில்வே ஏற்படுத்தலாம். திருநெல்வேலி பக்கம் பாதை இரட்டையாகிவிட்டது. திருவனந்தபுரம் பக்கத்தையும் முடித்துவிட்டால் அதற்கு இடம் பிறக்கும்.

ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க என்னால் இயலாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்பதைப் பொது விதியாக வைத்தது. சரக்கு லாரியில் அதைக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. 2025 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்றார்கள், நல்ல உத்தரவு. ஆனால் நேரக் கட்டுப்பாட்டுக்காக ஆரல்வாய்மொழியில் ஓரங்கட்டும் ஓட்டுநருக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், வண்டியில் டீசலும் தார்ப்பாயும் திருடுபோகாது என்ற நம்பிக்கையோடு தூங்க ஓரிடம் வேண்டும். நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்விடம் கட்டும் திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டமாக 1,000 இடங்கள். அதில் ஒன்றை நம் மாவட்ட எல்லையில் வைக்கும்படி நாடாளுமன்ற உறுப்பினரும் லாரி உரிமையாளர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் சாலை மற்றும் உட்கட்டமைப்புக்கென்று ஒரு செஸ் (கூடுதல் வரி) இருக்கிறது, அது மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. சாலைக்கென்று வாங்கிய அந்தப் பணத்திலிருந்து, பாதியில் நிற்கும் திட்டங்களுக்கு முதல் பங்கை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்த ஆண்டு, இதுவரை செலவான தொகை, மீதி வேலை, முடிக்கும் தேதி ஆகிய நான்கையும் நிதிநிலை அறிக்கையோடு சேர்த்து மாவட்டவாரியாக அச்சிட்டுக் கொடுங்கள். காவல்கிணறு – களியக்காவிளை வேலையின் விவரம் அந்தப் பட்டியலில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அடுத்த பிப்ரவரியில் நாங்களே படித்துப் பார்த்துக்கொள்கிறோம்.