சந்தை மட்டுமா எதிரி?
சந்தை நுழைந்தால் கலையில் புதுமை செத்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 19ஆம் நூற்றாண்டு பாரிஸைப் பாருங்கள். ஓவியரின் வாழ்வும் தாழ்வும் 'சலோன்' என்ற அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியின் நடுவர்கள் கையில்தான் இருந்தன. அதை மீறி, ஒளியையும் கணநேரக் காட்சியையும் தீட்டிய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் எழுந்ததற்குத் திறமை மட்டும் காரணமல்ல. கஃபே கெர்புவா என்ற பாரிஸ் காபிக்கடையில் மானே, தெகா, மொனே, ரெனுவார் என்று ஓவியர்கள் எல்லாரும் கூடிக் கூடி வாதிட்டார்கள். 1874இல் நண்பர்கள் தாங்களே கண்காட்சி நடத்தினார்கள் (மானே மட்டும் சேரவில்லை, கடைசிவரை சலோனையே நம்பினார்).

ஆனால் நட்பு வயிற்றை நிரப்பாது. போல் துராண்ட்-ருயல் என்ற ஓவிய வியாபாரி இவர்களின் விலைபோகாத படங்களை மொத்தமாக வாங்கினார், முன்பணம் கொடுத்தார், தனிநபர் கண்காட்சிகள் வைத்தார். 1886இல் நியூயார்க்கில் காட்டிய பிறகு அமெரிக்கப் பணம் பெரிய அளவில் வந்தது. இதுவும் சந்தைதானே! ஒரே வாசல் இருந்த இடத்தில் இன்னொரு வாசலைத் திறந்தது அதுதான்.

நட்பு வட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அந்தக் கஃபேயில் ஓவியர் பெர்த் மொரிசோ போன்ற வசதியான குடும்பத்துப் பெண்கள் போய் உட்கார முடியாத காலம் அது. 1868இல் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு பொது நண்பர் அறிமுகப்படுத்தித்தான் மானேயின் நட்பு மொரிசோவுக்குக் கிடைத்தது. அப்படி ஒரு அறிமுகம் கிடைக்காமலே போன பெண்கள் எத்தனை பேரோ! இன்றும் அதே கதைதான்: சமூக ஊடகத்தில் ஏற்கெனவே விருப்பக்குறி குவிந்ததையே, எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் மேலும் முன்தள்ளுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டும்.