முனை அழுத்தம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது

காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவியான நெயில் கன்னின் முனை மரத்தில் அழுந்தினால்தான் ஆணி பாயும் என்பதால் ட்ரிகரில் விரலை வைத்தபடியே நடமாடலாம் என்று சிலர் கூறுவது ஆபத்தான தவறு. முதல் பாதி உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

அந்த முனைக்கு மரம் எது, முழங்கால் எது என்று தெரியாது. தொடுகை வகை ட்ரிகர் உள்ள கருவியில், விரல் ட்ரிகரை அழுத்தியிருக்கும்போது முனை எதில் அழுந்தினாலும், அது ஏணியில் இறங்குபவரின் தொடையாகவோ அருகில் பலகை பிடித்திருப்பவரின் கையாகவோ இருந்தாலும், ஆணி பாய்ந்துவிடும். ஆணி அடித்ததும் கருவி பின்னுக்கு உதைத்து மீண்டும் பலகையில் படும்போது, எதிர்பாராத இரண்டாவது ஆணி வெளிவருவதும் இதனால்தான். முழு வரிசைமுறை ட்ரிகர் என்னும் மற்றொரு வகையிலோ முதலில் முனையை அழுத்தி, பிறகே ட்ரிகரை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தொடுகை வகையில் காயமடையும் வாய்ப்பு இதைவிட இருமடங்கு என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷா, நியோஷ் ஆகியவை 2011-இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது. வேகம் குறையும் என்பதற்காக முழு வரிசைமுறை ட்ரிகரைத் தவிர்ப்பது, குறிப்பாகப் புதியவர்கள் கையில் கருவி இருக்கும்போது, எனக்கு ஏற்புடையதன்று.

கருவியில் சிக்கிய ஆணியை எடுக்க, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரை நிறுத்தினால் போதும் என்று சொல்வதும் சரியன்று. அதன் தொட்டியிலும் குழாயிலும் அழுத்தம் எஞ்சியிருக்கும். ஆகவே காற்றுக்குழாயைக் கருவியிலிருந்தே கழற்றிய பிறகுதான் முனையில் கை வைக்க வேண்டும்.